பிளேயரில் ஓடாத என் குரல்

அன்புள்ள மகள் ஜெனிக்கு,

பெருங்களத்தூரிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், நீ மெல்போர்ன் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். தொண்டையில் ஆபரேஷன் செய்த புண் ஆறிவிட்டது, கஞ்சி இறங்குகிறது, பேச்சு மட்டும் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோ காலில் நீ பேசப் பேச நான் தலையாட்டுவதைப் பார்த்து நீ அழுகிறாய், அதனால்தான் கடிதம்.

ஆபரேஷனுக்கு முன்னால் நீ லீவில் வந்து என் பாட்டையெல்லாம் பதிவு பண்ணினாயே, அதைத் துளி ஒலிகூடக் குறையாமல் சுருக்கி நீ அனுப்பிய பென் டிரைவ் வந்தது. அப்பா ஆசையாய் ஹாலில் இருக்கும் சின்ன பிளேயரில் செருகினார். பாட்டின் பெயர் தெரிந்தது, சத்தம் வரவில்லை. இதிலும் உன் குரல் போய்விட்டதே என்று அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. உன்னோடு படித்த ஜெபசீலன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து பார்த்தான். “குரல் எங்கயும் போவல ஆன்ட்டி, உள்ளதான் இருக்கு. ஃபைல் இன்னும் சின்னதாகட்டும்னு ஜெனி செட்டிங்ஸை லிமிட் தாண்டி வச்சிருக்கா. சுருக்கினத லேப்டாப் பிரிச்சுடும், இந்த பிளேயரால முடியாது” என்றான். சுருக்கும்போது அடுத்த ஒலியைக் கணிக்க, சாம்பிள் என்கிற முந்தின ஒலித் துணுக்குகளில் எத்தனையைப் பார்க்கலாம் என்பதற்குப் பொதுவான எல்லை உண்டாம், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நீ முப்பத்திரண்டு வைத்திருந்தாயாம். அதைக் குறைத்துத் திரும்பச் சுருக்கிக் கொடுத்தான், ஃபைல் கொஞ்சம் பெரிதானது, ஒலியில் எதுவும் குறையவில்லை.

பிளேயர் பாடியது. பாட்டு முடிந்ததும் நீ நிறுத்த மறந்த இடத்தில் நான் “என்னங்க, பால் பொங்குது, அடுப்ப அணைங்க” என்று கூப்பிட்டிருக்கிறேன். அப்பா “தோ வரேன்” என்று எழுந்து சமையலறைக்கே போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்தேன். “அவ கூப்பிட்டா டெபோரா” என்று என்னிடமே சொன்னார். இப்போது தினமும் அந்தப் பாட்டைப் போடுகிறார். நிறுத்தச் சொல்ல எனக்குக் குரலும் இல்லை, மனசும் இல்லை ஜெனி.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. மீதிப் பதிவுகளையும் அந்த எல்லைக்குள் வைத்தே அனுப்பு, எதையும் வெட்டிவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன்னை நினைத்துக்கொண்டேயிருக்கும்
அம்மா டெபோரா