ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்

அன்புள்ள அண்ணனுக்கு,

வழக்கமாக எழுதும் ஸ்தோத்திரத்தை எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

என் ஆபரேஷன் முடியும்வரை அம்மாவை உன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று போனில் கேட்டேன். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேம்மா" என்றாய். பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது. பாடகர் குழுவுக்குப் பயிற்சி போலிருக்கிறது.

நம் ஆட்களிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆலயத்துக்குப் போய்வர, அம்மாவோடு உட்கார ஆள் கேட்டேன். பெண்கள் சங்கத் தலைவி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. ஒருவர்கூட வரவும் இல்லை. அதனால் கைப்பேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து உங்கள் சபை ஆராதனையைப் பார்க்கிறோம். நீ கண்ணை மூடிப் பாடும்போது அம்மா "ஆமென்" என்கிறாள்.

அவளுக்குத்தான் அந்த அர்த்தம் தெரியவில்லை. நீ நிஜமாகவே முழங்காலில் நிற்கிறாய் என்று நம்பி, தன் புடவைகளைப் பையில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள். போன் அடித்தால் திரும்பிப் பார்க்கிறாள்.

"பாவம், பிள்ளை எத்தனை நாளா கேட்டுக்கிட்டே இருக்கான். கர்த்தர் ஏன் அவனுக்கு ஒரு பதில் சொல்ல மாட்டேங்கறார்?" என்றாள் நேற்று. இன்று காலை ஜெபத்தில் அவள் வாயே திறக்கவில்லை. அவர்மேல் கோபமாம்.

நீ அவளை அழைத்துப்போக வர வேண்டாம், அண்ணா. நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்குப் போன் பண்ணி, "என்னால முடியாதும்மா" என்று உன் வாயாலேயே சொல்லிவிடு. நீ நல்லவனாகவே இருப்பதற்காக, கர்த்தர் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும்?

உன் தங்கை