ஸுஹைறா எடுத்த ஓடர்கள்

மே 4, ஞாயிறு

கந்தோர் வேலைக்கு லீவு. துணி கழுவி, கறி ஆக்கி, வீடு கூட்டி முடிய லுஹர் தொழுகை நேரமாகிவிட்டது. பிறகு பெயின்டும் தூரிகையுமாகக் குசினி மேசையில் பழைய தலையணை உறையொன்றை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலியில் படர்ந்திருக்கும் பாகற்கொடியைப் பார்த்துக் கீறினேன். மஞ்சளில் துளி நீலம் கலந்தால் அந்த இலைப்பச்சை வந்துவிடுகிறது. பின்னேரம் வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எவ்வளவு நாளைக்குப் பிறகு!

வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த என் புருசன் றிம்சான் உறையைத் தூக்கிப் பார்த்தார். "இதுல தல வெச்சா கசக்குமா புள்ள?"

மே 6, செவ்வாய்

பின்வளவு வீட்டிலிருந்து தங்கச்சி ஸுஹைறா வந்தாள். புருசன் சப்ரி அவளை விட்டுப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. பிள்ளையும் இல்லை. கயிற்றில் காய்ந்த உறையை போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மே 9, வெள்ளி

பேஸ்புக்கில் போட்டுவிட்டாளாம். "ராத்தா, எத்தின பேர் கேட்டிரிக்காங்க தெரியுமா! ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் தாறம் எண்டு சொல்லிட்டன்."

என்னைக் கேட்கவில்லை. ஆனாலும், பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 17, சனி

பாகற்கொடி ஒருவருக்கும் வேண்டாமாம். றோசாப்பூ வேண்டும். இரண்டு பெயர், நடுவில் இதயம். சாய்ந்தமருதில் ஒரு பொம்பிளைக்கு அவவுடைய சோபாவின் சிவப்பு வேண்டும். சோபாவைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறா.

கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது. யன்னலைத் திறந்தால் ஈரப் பெயின்டில் மண் ஒட்டுகிறது. சாத்தினால் அவிகிறது.

மே 22, வியாழன்

றோசா. றோசா. றோசா.

மே 27, செவ்வாய்

கல்முனைக் கந்தோரிலிருந்து வரும்போது பஸ்ஸில் நித்திரையாகிவிட்டேன். இறங்க வேண்டிய நிந்தவூர் தாண்டியது தெரியாது. ஒலுவில் சந்தியில் கொண்டக்டர் எழுப்பினார். வெட்கமாய்ப் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் றிம்சான் சோறு ஆக்கி, பருப்பை அடிப்பிடிக்க விட்டிருந்தார். அதையே தின்றேன். விரல் மடங்கவில்லை. இதற்குத்தானா தூரிகையைத் தொட்டேன்?

ஜூன் 1, ஞாயிறு

ஸுஹைறா இன்னொரு கட்டு வெள்ளை உறையோடு வந்து நின்றாள். "இதுவும் பெருநாளைக்குத்தான் ராத்தா. ஓம் எண்டுட்டன்."

எனக்கு என்ன வந்ததோ, கட்டைப் பிடுங்கி நிலத்தில் எறிந்துவிட்டேன். "ஏலாதுகா! எனக்கு இருந்தது அந்த ஒரு ஞாயித்துக்கிழமதான். அதையும் வித்துப்போட்டாய்!"

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ஒனக்கு எழும்பினா கந்தோர் இரிக்கி ராத்தா. மச்சான் இரிக்கார். எனக்கு எழும்பினா என்ன இரிக்கி? ஒன்ட உறையள மடிச்சிப் பொதி பண்ணுறதும், ஓடர் தந்தாக்களோட கதைக்கிறதும்தான். இந்தக் கொஞ்ச நாளாத்தான் விடிஞ்சா எழும்பணும் எண்டு இரிக்கி."

போய்விட்டாள். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். விடிந்தால் என்ன செய்கிறாள் என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? எனக்குக் களைப்பு, எனக்குக் களைப்பு என்று — சீ.

ஜூன் 2, திங்கள்

அவள் வரவில்லை. "போய்க் கதை புள்ள" என்றார் றிம்சான். களைச்சுப் போயிருக்கிறேன் என்றேன். "களைச்சாக்களும் கதைக்கலாம்."

ஜூன் 3, செவ்வாய்

கந்தோரால் வந்த கையோடு பெயின்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எழும்புகா. நீ கீறு."

"எனக்கு எங்க ராத்தா? கோடே நேரா வராது."

"றோசாவுக்கு என்னத்துக்கு நேர்க்கோடு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். முதல் றோசா கறிக்கு வாங்கும் இலைக் கோவா மாதிரி உருண்டு வந்தது. அடுத்ததும் கோவாதான். திருத்தலாம் என்று கையை நீட்டினேன், தூரிகையைத் தரவில்லை.

ஜூன் 7, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

சில ஓடர்கள் முடியவில்லை. ஸுஹைறா ஒவ்வொருவருக்கும் தானே கோல் எடுத்து மாப்புக் கேட்டாள். ஒரு பொம்பிளை நல்லாய் ஏசினா. இவள் அழவில்லை. குர்பான் இறைச்சி பங்கு வைத்து, ஆக்கி, வந்தவர்களுக்குக் கொடுத்து — கால் வீங்கிவிட்டது. இதற்கு மேல் எழுத ஏலாது.

ஜூன் 15, ஞாயிறு

சோபாக்காரப் பொம்பிளை திரும்பவும் கேட்டிருக்கிறா. "ஒன்ட மெலிஞ்ச றோசா வேணாமாம் ராத்தா! என்ட குண்டு றோசாதானாம்!" வேலிக்கு மேலால் கத்திச் சொன்னாள்.

கொஞ்சம் சுட்டது. ஏன் சுட வேண்டும்? நான்தானே வேண்டாம் என்றேன். ஆனாலும் சுட்டது.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளைத் துணியை விரித்தேன். என்ன கீறுவதென்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஹோலில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்போதுதான் விழித்தேன். முகத்தில் பாய்க்கோடு.

பிளேன்டீ ஊற்றி ஸுஹைறாவுக்கும் கொண்டுபோனேன். அறை முழுக்க உறைகள். நிமிரவில்லை.

"கையெல்லாம் பெயின்ட் ராத்தா. நீயே வாயில வைகா."

கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் துணியில் இருக்க, மிடறு மிடறாக முழுவதும் குடித்தாள்.