சந்தில் போட்ட கேட்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே நலமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று நழுவிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

நம் வீட்டை ஒட்டிப் பின்வரிசைக்குப் போகும் சந்தில் குடியிருப்போர் சங்கம் இரும்புக் கேட் போட்டுப் பூட்டியது உனக்குத் தெரியும். தெரியும் என்ன, வாழ்த்தே அனுப்பியிருக்கிறாய். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல முடிவு, கண்டவர்களும் நுழைவதை எப்போதோ தடுத்திருக்க வேண்டும்" என்று நீ எழுதியதைச் செயலாளர் பெரிய எழுத்தில் அச்சடித்து, கீழே உன் பெயரும் நம் வீட்டு எண்ணும் போட்டு, அந்தக் கேட்டிலேயே ஒட்டிவிட்டார். செயலாளர் என்றால் நாயை விரட்ட விசிலோடு நடப்பாரே, அவர்தான். காலையில் கோலப்பொடி மாதிரி வெள்ளைத் தாளில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, படித்து முடித்ததும் அது போய்விட்டது.

நீ பிறப்பதற்கு முன்னால் இந்த இடம் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். அமைதியான குடியிருப்பு, அகலமான தெருக்கள் என்று வீட்டுத் தரகர்கள் இன்றைக்குப் பேசுகிற இந்த அறுபத்திரண்டு வீடுகளும் அந்தப் பள்ளத்தின் மேல்தான் நிற்கின்றன. அதைத் தூர்த்தவர்களும் அஸ்திவாரம் தோண்டியவர்களும் சுவர் எழுப்பியவர்களும் பின்வரிசையில் பதினெட்டு வீடு கட்டிக்கொண்டு இருந்தவர்கள். நாங்கள் குடிவந்து நாலு வருஷம் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரே ஒரு அடிபம்பு, அதுவும் அவர்கள் வரிசையில். விசில்காரரின் மனைவி உட்பட நாங்கள் அத்தனை பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்து வழியாகத்தான் போனோம். அப்போது எங்களை யாரும் "கண்டவர்கள்" என்று சொல்லவில்லை. "ஆபீஸ் போறவங்க முதல்ல பிடிச்சுக்கட்டும்" என்று ஒதுங்கி நின்றார்கள். சங்கம் போன மாதம் வெளியிட்ட குடியிருப்பு வரலாற்றில் அடிபம்பும் இல்லை, அந்த மனிதர்களும் இல்லை, விசில்காரர் மரக்கன்று நட்ட படம் மட்டும் மூன்று இருக்கிறது.

நம் வீட்டுச் சுவர் முழுக்கப் பூசியவள் உன் கரண்டி அத்தை. பூச்சு வேலைக்குப் பெண்ணா என்று மேஸ்திரி இழுத்தபோது ஒரு சுவரைப் பூசிக் காட்டிவிட்டுக் கைகழுவப் போனவள். அவள் கையில் எப்போதும் இருந்த பூச்சுக் கரண்டியைப் பார்த்து அந்தப் பெயரை வைத்ததே நீதான். நான் நகராட்சி வரைபடப் பிரிவில் ஆறு மணி வரை குனிந்து படம் வரைந்துகொண்டிருந்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் நீ அந்தச் சந்துக்குள் ஓடி அவள் வீட்டில்தான் இருப்பாய். அவள் மகளும் நீயும் ஒரே பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினீர்கள். உனக்கு அம்மை போட்ட வாரம் அவள் வேலைக்கே போகவில்லை. இதெல்லாம் மறந்திருக்காது. கண்டவர்கள் என்று எழுதும்போது அவள் முகம் ஒரு நொடி கூடவா வரவில்லை?

இப்போது அவளுக்கு அறுபதுக்கு மேல். நம் முதல் தெருவில் இருக்கிற கிளினிக்கைக் காலை ஆறு மணிக்குள் பெருக்கித் துடைக்க வேண்டும். சந்து வழியாக வந்தால் ஐந்து நிமிஷம். கேட் போட்டபின் நெடுஞ்சாலையைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தாள், அங்கே நடைபாதையும் கிடையாது. ஒன்பதாம் நாள் ஒரு வேன் இடித்து முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. கிளினிக் டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரே விசில்காரர் வீட்டுக்குப் போனேன். "பாதுகாப்புக்குத்தானே மேடம், தனிப்பட்ட யாரையும் சொல்லலையே. கேட் போடுற தீர்மானத்துல உங்க வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார். வந்து அப்பாவைக் கேட்டால், தெருவிளக்கு மனு என்று நினைத்துக் கண்ணாடி இல்லாமல் போட்டுவிட்டாராம். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன், நாலு எழுத்துப்பிழையை அவர் கையாலேயே திருத்தியிருக்கிறார். அன்றிலிருந்து பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அவரே எழுந்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாளே என் பழைய ஆபீசுக்குப் போனேன். பழைய படமெல்லாம் கரையான் தின்றுவிட்டது என்று இரண்டு நாள் அலைக்கழித்தார்கள். மூன்றாம் நாள், எந்த பீரோவில் எந்தத் தட்டு என்று நானே சொன்னேன், நான் வைத்த இடம்தானே. நம் மனைப்பிரிவின் படம் மடங்காமல் இருந்தது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே "பொதுப் பாதை, பன்னிரண்டு அடி" என்று எழுதியிருந்தது. பொறியாளர் சின்னப் பெண், படத்தின் மூலையில் இருந்த என் கையொப்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சங்கத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, கெடு முடிந்த காலையில் கேட்டைப் பெயர்த்தெடுக்க ஆட்களோடு அவளே வந்துவிட்டாள். விசில்காரர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. அப்பா எல்லார் முன்னாலும் போய் நின்று, "என் கையெழுத்தை அடிச்சிடுங்க, தெரிஞ்சேதான் போட்டேன், தப்பு" என்றார். அதற்காகத்தான் அன்று அவரோடு பேசினேன், அதுவும் ஒரே ஒரு வார்த்தை, சாப்பிடுங்க என்று.

உடனே சந்து வழியாகக் கரண்டி அத்தையிடம் சொல்லப் போனேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். "சந்தோஷம்க்கா. ஆனா கால் சரியானாலும் நான் சுத்தியே போய்க்கிறேன்" என்றாள். ஏன் என்றேன். "கேட்டுல தம்பி பேரைப் போட்டு ஒட்டியிருந்ததை எம்பொண்ணு படிச்சுச் சொன்னா. அது தம்பி எழுதினதுதானா?" என்று கேட்டாள். பொய் சொல்ல நாக்கு எழவில்லை, ஆமாம் என்றேன். காலில் போட்டிருந்த கட்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு உன் ஊரில் குளிர் அதிகமா, குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதா என்று விசாரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கேட்டை எடுக்க வைத்துவிட்டேன். நீ எழுதியதை எடுக்க என்னால் ஆகாது, அது உன் வேலை. அவள் எண்ணை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். அம்மா திட்டினாள், அதனால் பேசுகிறேன் என்று ஆரம்பிக்காதே. பெரிய வார்த்தைகளும் வேண்டாம். அத்தை என்று கூப்பிடு, காலைப் பற்றிக் கேள், பிறகு நான்தான் எழுதினேன் என்று உன் வாயால் சொல். மதியம் மாத்திரை போட்டுத் தூங்குவாள், அப்போது கூப்பிடாதே. மருமகளுக்கும் இதைப் படித்துக் காட்டு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிப் போகாதே.

இன்னும் மனசு ஆறாத,
உன் அம்மா