ரிங்குக்கு விட்ட இடம்

அன்பு மருமகளே,

இதை நானே எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தும் சரியாக விழும்போது சிரிப்பு வருகிறது.

ஜீப் நீலப்புகை கக்கியது. உன் புருஷன் சாவதற்கு முன் கடைசியாகத் தன் கையால் மாட்டிய பிஸ்டன் ரிங், அந்த இரும்பு வளையம், உள்ளே இருப்பதால், எஞ்சினைப் பிரிக்க நாங்கள் விடவில்லை. "ரிங்கு தேஞ்சு ஆயில் எரியுது மாமா. இப்பிடியே வச்சு அழுதா எஞ்சினும் செத்துரும்" என்று மெக்கானிக் ஈஸ்வரபாண்டி திட்டினான். சரி என்றோம்.

புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் வெட்டுவாயின் இரண்டு முனைக்கும் நடுவே மெல்லிய தகடு விட்டு இடைவெளி பார்த்தான்.

"ஒட்டியே இருக்கட்டுமேப்பா" என்றேன்.

"சூட்டுல ரிங்கு விரியும் மாமா. எடம் இல்லேன்னா முட்டி ஒடைஞ்சு, சிலிண்டரையும் கீறிப்புடும்."

அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கூப்பிட்டபடி நீ எங்களோடு வந்து இருக்க வேண்டாம். தேவாரத்தில் உன் அம்மா வீட்டிலேயே இரு. ஜீப்பை மட்டும் எடுத்துப் போ. நீ அன்று கேட்டபடி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றி ஓட்டு.

"எம் மகன் சீட்டுல யாரும் உக்காரக் கூடாது" என்று அன்று கத்திய உன் அத்தையிடமும் சொன்னேன். இன்று காலையில் அவள் ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டு, அந்தச் சீட்டை முன்னால் நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் காலு எட்டாதுல்ல" என்றாள்.

இப்படிக்கு,
உன் மாமா