ஹனோவரிலிருந்து வந்த அழைப்பு

எசன், 12.10.2003

அன்புள்ள பெரியக்கா,

குளிர் தொடங்கிவிட்டது, முழங்காலைக் கவனியுங்கள். நான் சொல்லவந்த புதினம் இதுதான்: பாட்டை விட்டுவிட்டேன். டோர்ட்மண்ட் முதல் டூயிஸ்பேர்க் வரை அறியப்பட்ட தமிழ்க் கௌபாயான நான், சனிக்கிழமை ஒரு தளபாடக் கடைத் திறப்பு விழாவில் தொப்பி போட்டு மூன்று மணித்தியாலம் பழைய அமெரிக்க ராக்கபிலிப் பாட்டுகள் பாடினேன். சனம் இலவச பியருக்கு வரிசையில் போய்விட்டது. நாற்பத்திரண்டு வயதில் இது போதும்.

1992 இல் ஹனோவர் இசைத்தட்டுக் கம்பனிக்குக் கசெட்டும் படமும் அனுப்பிவிட்டு, உங்கள் வீட்டில் மூன்று மாதம் போனுக்குக் காத்திருந்தேன். "எங்கட நிறம் அவங்களுக்கு ஒத்துவராது, தம்பி" என்றீர்கள். பிறகு நானாகப் போன் எடுத்துக் கேட்க ரோசம் விடவில்லை. அந்தக் கோபத்தை என் குழுவில் ட்ரம்ஸ் அடித்த டீட்டர் மேல் கொட்டினேன். "நீங்கள் வெள்ளையர் எல்லாரும் ஒன்றுதான்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் போனான், குழுவும் உடைந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறீர்கள்தானே?

உங்கள் தம்பி,
அல்பேர்ட்

பீலெஃபெல்ட், 26.10.2003

என் ஆசைத் தம்பி,

இதை வாயால் சொல்ல எனக்கு ஏலாது. ஹனோவரிலிருந்து அப்போதே போன் வந்தது. உன் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கிழமை அது. ஒரு ஜெர்மன்காரர் உன் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்த நாளில் பொலிசுக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று. திரும்பக் கேட்டார். கசெட் என்று ஏதோ சொன்னார். உன்னைப் பிடிக்கப் பொலிஸ் செய்யும் தந்திரம் என்று நினைத்து வைத்துவிட்டேன்.

பின்னேரம் நீ வந்து, "அக்கா, போன் ஏதும் வந்ததோ?" என்று கேட்டபோதுதான், அது கம்பனியின் போன் என்று விளங்கியது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்து, பழியை நிறத்தின் மேல் போட்டேன். பதினொரு வருடம் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

அக்கா,
பேர்பெச்சுவா

எசன், 9.11.2003

அக்கா,

போனுக்காக நான் கோபிக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். அந்த வீட்டில் நானும் எத்தனையோ பேரை இல்லையென்று சொல்லியிருக்கிறேன். பிறகு சொன்ன பொய்தான் எனக்குத் தாங்கவில்லை. அதை நம்பித்தான் நான் இவ்வளவு காலம் வாழ்ந்தேன்.

நேற்று டீட்டர் வீட்டுக்குப் போனேன். நன்றாக நரைத்துவிட்டான். பிழை என்னுடையது என்று சொன்னேன். கதவைப் பிடித்தபடி முழுவதும் கேட்டான். சரி என்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நத்தாருக்கு வர வேண்டாம், அக்கா. வந்தால் நானும் கதவைப் பிடித்தபடிதான் நிற்பேன்.

அல்பேர்ட்