ராங் நம்பர்

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

உடம்பு தேறிவருகிறது. "நோய் சுத்தமா போயிடுச்சு, இனி நிம்மதியா இருங்க" என்றார் டாக்டர். குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட்டால் அப்புறம் எங்கே இருக்கும்! மூச்சு கழுத்து ஓட்டை வழியாகப் போவதால் மூக்குக்கு வேலை இல்லை. பால் தீய்ந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சந்தையில் நான் கூவிய ஏலத்தை இப்போது முதலாளியின் மருமகன்தான் விடுகிறார். நான் தராசுப் பக்கம் நிற்கிறேன். பேச முடியாதவனுக்கு எதற்கென்று போனையும் விற்றுவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, காற்றை விழுங்கி ஏப்பமாக விட்டு, அதிலேயே வார்த்தை கட்டச் சொல்கிறார். ஒரே ஒரு வார்த்தையைப் பழகிக்கொண்டிருக்கிறேன். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன்.

பாசமுள்ள அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தனியாகக் கிடந்தது போதும், இங்கே வந்துவிடு என்றால் கேட்கிறாயா?

இங்கே ஒரு தொல்லை. நேற்று உன் மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தால், விட்டு விட்டு ஒரே உறுமல். "குடிச்சிட்டுப் போன் பண்றியா? வெக்கமா இல்ல? வைடா!" என்று கத்திவிட்டேன். மறுபடியும் அடித்தது, எடுக்கவில்லை. உன் பழைய குரல் இருந்திருந்தால் ஓர் அதட்டலில் அவனை ஓட வைத்திருப்பாய்.

உன் குட்டி

மார்ச் 2

குட்டிக்கு,

பயப்படாதே. அந்த ஆள் இனிமேல் கூப்பிட மாட்டான்.

பயிற்சியை நிறுத்திவிட்டேன். சிலேட்டில் எழுதிக் காட்டினால் எல்லோருக்கும் புரிகிறது. அது போதும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று, பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. அந்த உறுமலுக்குள் என் பெயர் இருந்திருக்கிறது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை அழுதுகொண்டே போனேன்.

அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் உன் வாசலில் வந்து நின்றேன். நீ கோபப்படவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரே ஒரு தடவை கூப்பிடுண்ணா" என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே சிலேட்டை எடுத்து, 'சாப்பிட்டியா?' என்று எழுதினாய். கிளம்பும்போதும் கையைத்தான் ஆட்டினாய்.

இப்போதெல்லாம் போன் அடித்தால் யாரென்று கேட்பதில்லை. "சொல்லுண்ணா" என்றுதான் எடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ.

உன் குட்டி