வரவேற்புக்கு மட்டும் ஒரு பான்ட்

ஜூன் 3

மாகாணப் போட்டிக்கு எங்கள் பெயர் போய்விட்டது. வவுனியாவில், ஜூலை பதினெட்டு. எங்கள் பாடசாலையின் பெண்கள் பான்ட் வாத்தியக் குழு மாகாணத்துக்குப் போவது இதுதான் முதல் தரம். தலைவியாக எனக்கு இதுதான் கடைசித் தரமும். நவம்பரில் உயர்தரப் பரீட்சை, அதோடு பாடசாலை முடிந்துவிடும்.

மெலோடிக்கா இரண்டின் ஊதுகுழாய் வெடித்துப்போயிருக்கிறது. பொறுப்பாசிரியை சுபத்திரா மிஸ் பசைநாடா சுற்றித் தந்தார். காற்றுப் போகிறதுதான். ஆனாலும் சத்தம் வருகிறது.

ஜூன் 11

சிவலட்சுமி இன்றைக்கும் அடம்பனில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றாள். பெரிய றம் மேளம் அவளுடையது. அதைத் தோளில் மாட்டினால் தலையும் காலும் மட்டும்தான் தெரியும். ஆனால் அடி பிசகாது. அவளுடைய அப்பா வயலுக்குப் போகமுன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவாராம்.

அணிநடையில் வட்டத்தில் இருந்து இரண்டு வரிசையாகப் பிரியும் இடம் இன்றைக்குத்தான் சரிவந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. நாங்கள்தானா செய்தோம் என்று அப்படியே நின்றோம்.

ஜூன் 24

பயிற்சி இல்லை. இன்றைக்கும் விருந்தினர். போன கிழமை வங்கிக்காரர் புத்தகப்பை கொடுக்க வந்தார்கள். அதற்கு முதல் யாரோ ஒரு அதிகாரி மரம் நட வந்தார். எல்லோருக்கும் வாசல் படலையில் இருந்து மேடைவரைக்கும் அதே ஒரு பாட்டு. வாசித்து வாசித்து அந்தப் பாட்டே வெறுத்துவிட்டது.

மைதானத்தில் பயிற்சிக்கு ஒரு பாடவேளை கேட்டால் படிப்புக் கெட்டுப்போகுமாம். படலையில் காலை முழுக்க நின்றால் மட்டும் கெடாதாம். இது என்ன கணக்கு?

ஜூலை 8

எழுதக் கை ஓடவில்லை.

காலை ஒன்றுகூடலில் அதிபர் சந்தியோகு சேர் சொன்னார்: புதிய ஆய்வுகூடத் திறப்புவிழா ஜூலை பதினெட்டு. பிரதம விருந்தினருக்கு அந்த நாள்தான் வசதி. பான்ட் குழு கட்டாயம் நிற்க வேண்டும்.

பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று அன்ரோனெற்றைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு, சைட் றம் அடிப்பவள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

மிஸ்ஸோடு அதிபரின் கந்தோருக்குப் போனேன். நான்தான் கதைத்தேன்.

"சேர், அண்டைக்கு எங்களுக்கு வவுனியாவில போட்டி."

"தெரியும். அடுத்த வருஷம் போகலாம்."

"அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டன் சேர்."

"நீ இல்லாட்டியும் பான்ட் இருக்குந்தானே."

இந்தக் கட்டடத்துக்காகத் தான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை என்றார். காசு ஒதுக்கும் அந்த விருந்தினரைக் கோபப்படுத்தினால் அதன் மேல்மாடி அரைகுறையாகவே நிற்கும் என்றார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மேல்மாடிக்கும் எங்கள் போட்டிக்கும் என்ன சம்பந்தம்? ஆண்பிள்ளைகளின் உதைபந்தாட்டக் குழுவுக்கு அதே நாளில் முருங்கனில் ஆட்டம். அவர்கள் போகலாம். பந்தை உதைத்து வரவேற்க ஏலாதுதானே. வாசிக்கத் தெரிந்ததுதான் எங்கள் குற்றம்.

மிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்துதான் சொன்னார், தன்னை இடமாற்றம் செய்வது அதிபர் கையில் இருக்கிறதென்று. மிஸ்ஸையும் கோபிக்கத்தான் மனம் வருகிறது.

ஜூலை 9

அப்பா கீரிக் கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். சொன்னேன். சந்தியோகு சேர் கையெழுத்து வைத்தால்தான் விடுகைப் பத்திரம், நற்சான்று எல்லாம் கிடைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார்.

"ஆரும் வந்து உங்கட வலையை எடுத்துத் தன்ர முத்தத்தில தோரணம் கட்டினா விடுவீங்களோ அப்பா?"

அப்பா உதறின வலையையே திரும்பவும் உதறினார்.

ஜூலை 14

பயிற்சிக்கு யாருக்கும் மனமில்லை. சிவலட்சுமி மட்டும் வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஜூலை 18

கோபம் ஆறமுதல் எழுதிவிட வேண்டும்.

காலையிலேயே படலையில் நிற்பாட்டினார்கள். வெள்ளைச் சீருடை, தொப்பி, முழங்கால்வரை காலுறை. நிழலுக்கு ஒரு வேப்பமரம் இருக்கிறது, ஆனால் அங்கே நின்றால் வரிசை வடிவாகத் தெரியாதாம். தண்ணீர் குடித்தால் பிறகு கழிப்பறைக்கு ஓடுவோமாம், அதனால் தண்ணீரும் இல்லை. "இந்தா வந்துகொண்டிருக்கிறார்" — இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இடைவேளை மணி அடித்தது. ஆள் வரவில்லை. வவுனியாவில் இப்போது எந்தப் பாடசாலை இறங்கியிருக்கும் என்று அன்ரோனெற் கேட்டாள். வாயை மூடு என்று அவளில் எரிந்து விழுந்தேன்.

சிவலட்சுமி விழுந்தாள். றம் முதலில் நிலத்தில் மோத, அதன்மேல் அவள். உதட்டுக்குக் கீழே நாடி வெடித்து இரத்தம். சுபத்திரா மிஸ்ஸும் நானும் தூக்கி நிழலில் கிடத்தினோம். அதிபர் ஓடிவந்தார். வந்து முதல் சொன்னது என்ன?

"றம்முக்கு வேற ஆளை விடுங்கோ."

பிள்ளைக்கு என்ன என்று கேட்கவில்லை. றம்முக்கு ஆள்!

மதியம் கழிந்துதான் வாகனம் வந்தது. வாசித்தோம். விருந்தினர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே இறங்கினார். எங்கள் சத்தத்தில் கேட்கவில்லைப் போல, மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார். என்னைக் கடந்துதான் போனார். காதைப் பொத்திக்கொண்டு. இதுக்குத்தானா? இதுக்குத்தானா நாங்கள் போகேல்ல?

நாடா வெட்டினார், பேசினார், சாப்பிட்டார். போகும்போது வழியனுப்பவும் வாசிக்க வேண்டுமாம். திரும்ப வரிசை. சிவலட்சுமியின் இடம் வெறுமையாக இருந்தது. வேறு ஒருவரையும் அங்கே நான் விடவில்லை.

விருந்தினர் படியிறங்கினார். நான் தலைவியின் கோலை உயர்த்தினால்தான் குழு தொடங்கும். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் உயர்த்தவில்லை.

"தொடங்கு," என்றார் அதிபர், பல்லுக்குள்.

"ஏலாது சேர்."

அவ்வளவுதான் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. சப்பாத்துகள் கிரவல் கல்லில் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்டது. விருந்தினர் கவனித்தாரோ தெரியாது. எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

ஜூலை 21

நான் மாணவத் தலைவியும்தான். அந்தச் சின்னத்தைக் கழற்றித் தரச் சொன்னார்கள். கொடுத்தேன். நாளை ஒன்றுகூடலில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

"நீங்கள் சிவலட்சுமியிட்டக் கேட்டா நானும் கேக்கிறன் சேர்."

எப்படி இது என் வாயில் வந்தது? நாளை அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 22

அப்பா கடலுக்குப் போகாமல், கோயிலுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அதிபரின் கந்தோரில் இன்னொருவர் முதலே நின்றார். சிவலட்சுமியின் அப்பா செல்வநாயகம். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அடம்பனில் இருந்து தானாக வந்திருந்தார். இரண்டு பேருக்கும் கதிரை காட்டவில்லை.

அதிபர் என்னைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்தார். அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ர பிள்ளை செய்தது பிழையெண்டா தண்டியுங்கோ சேர்," என்றார் அப்பா. "ஆனா இவற்ற பிள்ளை வெயிலுக்க விழுந்ததுக்கு ஆர் பொறுப்பு எண்டதையும் சொல்லுங்கோ."

செல்வநாயகம் ஐயா பதிலுக்காக அதிபரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிபர் மேசையில் இருந்த பேனையை எடுத்தார், வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அப்பா வீட்டு வாசலில் வைத்து, "உனக்கு வாய் கூட," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஜூலை 30

மன்னிப்புக் கதை அப்படியே அமுங்கிவிட்டது. ஆனால் என்னைக் குழுவில் இருந்து எடுத்தாயிற்று. புதுத் தலைவியைத் தெரிவுசெய்யச் சொல்லி மிஸ்ஸுக்கு உத்தரவு.

முதலில் அன்ரோனெற்றைக் கேட்டார்களாம். வேண்டாம் என்றாளாம். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் அதையே சொன்னார்களாம். அதனால் வாத்தியங்களை அறையில் வைத்துப் பூட்டி, திறப்பை அதிபர் வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. பின்னேரம் அன்ரோனெற் வந்து, "எனக்கு ஆசைதான் அக்கா," என்று சொல்லி அழும்வரை.

ஒக்ரோபர் 6

ஆசிரியர் தினம். வலயக் கல்விக் கந்தோரில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். பான்ட் இல்லாததால் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பான்ட் இசை. அவர் பாதி வழி நடக்க நின்றுபோய்விட்டது. யாரோ ஓடிப்போய் வயரை ஆட்ட, திரும்பத் தொடக்கத்தில் இருந்து பாடியது. பாவம், அந்த மனுசனும் நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். சுபத்திரா மிஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பின்னேரம் மிஸ் கந்தோருக்குத் தனியப் போனார். வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"இடமாற்றம் தாறதெண்டாத் தாங்கோ சேர். ஆனா திறப்பையும் தாங்கோ."

வரும்போது கையில் திறப்பு. அன்ரோனெற் தலைவியாகலாம், நான் கிட்டப் போகக்கூடாது. அதுதான் பேச்சாம்.

சரி. அவளாவது வவுனியாவுக்குப் போகட்டும்.

ஜூன் 4

இந்தக் கொப்பியைத் தொட்டுக் கனநாள். பரீட்சை முடிந்து, பெறுபேறும் வந்துவிட்டது. இன்றைக்கு விடுகைப் பத்திரம் எடுக்கப் போனேன். என்ன எழுதிக் கிடக்குமோ என்று வழியெல்லாம் பயம், பயத்தை விடக் கோபம்.

கந்தோர்க் கதவு திறந்திருந்தது. அதிபர் தொலைபேசியில் இருந்தார்.

"ஓம் ஐயா. சந்தோசம் ஐயா. இல்லை, அண்டைக்கு எங்கட பிள்ளையளுக்கு வவுனியாவில பான்ட் போட்டி." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை ஐயா, அவை போகத்தான் வேணும். நீங்கள் வேற நாள் பாத்தா நல்லம்."

அப்போதுதான் வாசலில் என்னைக் கண்டார். கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மிச்சத்தைக் கதைத்தார்.

பத்திரத்தைத் தரும்போது, இந்தப் பெறுபேற்றுக்குக் கம்பஸ் அனுமதி கிடைக்குமோ என்று கேட்டார். கிடைக்கும் சேர் என்றேன். "நல்லம்," என்றார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்திரத்தில் ஒரு குறையும் எழுதியிருக்கவில்லை.

கோபம் போய்விட்டதென்று எழுதினால் பொய். என்னுடைய ஜூலை பதினெட்டு போனது போனதுதான், அதை ஒருவரும் திருப்பித் தரப்போவதில்லை.

மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வட்டம் இரண்டு வரிசையாகப் பிரிந்தது. ஒரு பிள்ளை பிந்திவிட்டாள். அன்ரோனெற் நிறுத்தி, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினாள். நான் மதிலோரம் நின்றதை அவள் காணவில்லை. கூப்பிட்டால் குழப்பிவிடுவேன் என்று, கூப்பிடாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.